சங்கரைக் கட்டியவர்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வடமேற்கு எல்லையில் தோர்சர் என்று ஒரு முகாம். அங்கே ரோடு போட வந்த மதராஸ் பட்டாளத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள்.

குரு, நாயக் ஆரோக்கியம். நாயக் என்பது பதவி, கையில் இரண்டு பட்டை. வயது இருபத்தாறு. சீடர், புதுச் சிப்பாய் தாண்டவராயன். வயது முப்பத்துமூன்று. சேரும்போது இருபத்துநாலு என்று சொல்லியிருந்தார். எழுதிக்கொண்டவர் தலையை நிமிர்த்தாமலே எழுதிக்கொண்டார்.

ஆக, குரு சின்னவர், சீடர் பெரியவர். அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆரோக்கியம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வேலையில் "நீ". வேலை முடிந்தால் "நீங்க, அண்ணே". இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வரும். தொண்டை கிழியத் திட்டிவிட்டு, "தண்ணி குடிச்சீங்களாண்ணே?" என்று கேட்பார்.

அந்த மலைகளில் தோண்டிப் பதுங்க மண் கிடையாது. எல்லாம் கல். பள்ளத்தாக்கில் ரோடு போடுகிறவர்களை மலைக்காரர்களின் குண்டிலிருந்து காக்க, குன்றின் மேல் கல்லை அடுக்கி, இடுப்பளவுக்கு லாட வடிவத்தில் சுவர் எழுப்பி, அதன் பின்னால் துப்பாக்கியோடு உட்கார வேண்டும். சுண்ணாம்பு கிடையாது, சேறு கிடையாது. வெறும் கல். அந்தச் சுவருக்கு எல்லைப் பக்கத்தில் 'சங்கர்' என்று பெயர்.

இது தாண்டவராயனுக்கு முதல் நாள் தெரியாது. தகராறு அங்கேதான் ஆரம்பம்.

ஆரோக்கியம் வந்து நின்று கத்தினார்.

"பத்து நிமிஷம்! சங்கர் கட்டணும்! கட்டிட்டு வந்து சொல்லணும்! ஓடு!"

தாண்டவராயன் பக்கத்தில் நின்ற மதாரைப் பார்த்தார். மதாரும் புதுசு. ஆற்காட்டுப் பையன், கண் நல்ல கூர்மை, மற்றது சுமார்.

"யாருப்பா சங்கர்?"

"சமையல்காரர். சங்கரலிங்கம்."

"அவரை எதுக்குக் கட்டணும்?"

"பட்டாளத்துல கேள்வி கேக்கக் கூடாதுன்னு பெங்களூர்ல பயிற்சியில சொன்னாங்களே."

இரண்டு பேரும் ஓடினார்கள். சங்கரலிங்கம் கோவில்பட்டிக்காரர். பெரிய டேக்சாவில் பருப்பு கிண்டிக்கொண்டிருந்தார். கோவேறு கழுதை கட்டுகிற கயிற்றை எடுத்துக்கொண்டு வந்த இரண்டு சிப்பாய்களைப் பார்த்து, கழுதை ஓடிவிட்டது போல என்று நினைத்தார்.

"ஏலே, என்னைய எதுக்குலே கெட்டுதிய? ஏ மக்கா! பருப்பு அடிப்பிடிக்குலே!"

எட்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. தாண்டவராயன் வந்து விறைப்பாக நின்றார்.

"கட்டியாச்சு, நாயக்!"

ஆரோக்கியம் குன்றைப் பார்த்தார். குன்றில் ஒன்றும் இல்லை.

"எங்கே?"

"கழுதை லைன்ல, நாயக்! ரெண்டு முடிச்சு போட்டிருக்கேன்!"

ஆரோக்கியம் கழுதைகளை வரிசையாகக் கட்டுகிற லைனுக்குப் போய்ப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் திரும்பி நின்றுகொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. முகாம் முழுக்கப் பருப்பு தீய்ந்த நாற்றம்.

அன்றிலிருந்து தாண்டவராயன் தட்டில் சங்கரலிங்கம் டேக்சாவின் அடியைச் சுரண்டித்தான் போடுவார். கறுப்பாக, பொருக்குப் பொருக்காக.

"ஐயா, மேல இருக்கறதைக் கொஞ்சம்..."

"கெட்டுன கைக்கு இதாம்லே சோறு."

---

தாண்டவராயன் ஆம்பூர்ப் பக்கத்துக் கொத்தனார். நல்ல கொத்தனார். கல்லைக் கையில் எடுத்தால் அது எந்தப் பக்கம் உட்காரும் என்று கைக்கே தெரியும். மூட்டைக்குள் தன் சுத்தியலையும் கொண்டு வந்திருந்தார். ஆனால் இனிமேல் சுவர் கட்டுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் பட்டாளத்தில் சேர்ந்தார். பிறகு ஏன் சுத்தியல்? அது அவருக்கே தெரியாது. கட்டுவதில்லை என்று வந்தவரைப் பட்டாளம் தினம் சுவர் கட்ட வைத்தது.

சரி, கட்டித்தானே ஆக வேண்டும் என்று இரண்டாம் நாள் கட்டினார். சும்மா கட்டவில்லை. கல்லை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் கொத்தி, முகத்தைச் சமமாக்கி, நூல் பிடித்த மாதிரி அடுக்கினார். மதார் கட்டியது குப்பைமேடு மாதிரி இருந்தது. தாண்டவராயனுடையது கோவில் மதில் மாதிரி இருந்தது.

ஆரோக்கியம் வந்தார். சுற்றிப் பார்த்தார். 

"மன்னிக்கணும்ண்ணே" என்றார்.

ஒரே உதை. பூட்ஸ் காலால். மதில் சரிந்து விழுந்தது.

"திரும்பக் கட்டு."

மதாருடைய குப்பைமேட்டையும் ஆரோக்கியம் உதைத்தார். அது இரண்டு உதைக்கு நின்றது. மூன்றாவதில்தான் போனது. அதுதான் தாண்டவராயனால் தாங்க முடியவில்லை.

"நாயக், ஒரு கேள்வி."

"கேளு."

"என் சுவர்ல இன்னா குறை?"

ஆரோக்கியம் சரிந்த கல்லைக் காட்டினார். "திரும்பக் கட்டு, ரெண்டு பேரும்" என்றார். கட்டி முடித்ததும் தாண்டவராயனை மட்டும் கூட்டிக்கொண்டு குன்றிலிருந்து இறங்கினார். ஓடையைத் தாண்டி எதிர்க் குன்றில் ஏறினார். ஏறி முடிக்க முக்கால் மணி நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. மேலே போனதும் திருப்பி நிறுத்தினார்.

"இப்ப உங்க சுவர் எங்கே இருக்கு, காட்டுங்க."

தாண்டவராயன் உடனே காட்டினார். தேடவே வேண்டியதில்லை. அந்த மலைக்கல் வெயிலில் கிடந்து கிடந்து மேலே கறுத்திருக்கும். கொத்தினால் உள்ளே வெள்ளை. கறுத்த மலையில், நேர்க்கோட்டில், பளிச்சென்று வெள்ளையாக அவருடைய சுவர்.

"மதார் கட்டினது?"

தாண்டவராயன் கண்ணைச் சுருக்கினார். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"தெரியலையே, நாயக்."

"எனக்கும் தெரியல. நானும் அப்பலேருந்து தேடிக்கிட்டுதான் இருக்கேன்." ஆரோக்கியம் ஒரு கல்லில் உட்கார்ந்தார். "சுடுறவன் இங்கேதான்ண்ணே உட்காருவான். நீங்க மலைக்குப் பல்லு கட்டி விட்டிருக்கீங்க."

தாண்டவராயன் தன் வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொத்தின கல்லு வழவழன்னு ஆயிடும். சுண்ணாம்பு இருந்தா பிடிச்சுக்கும். இங்கே எது பிடிக்கும்? கல்லைக் கல்லுதான் பிடிக்கணும். சுத்தியலைக் குடுங்க."

தாண்டவராயன் கொடுத்தார். ஆரோக்கியம் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

---

அதற்குப் பிறகு தினம் இதுதான். காலையில் ரோடு வேலை. மத்தியானம் சங்கர் கட்டுவது. கட்டி முடித்ததும் ஆரோக்கியம் வருவார். "மன்னிக்கணும்ண்ணே." உதை. "திரும்பக் கட்டு."

முதல் வாரம் ஒரு உதைக்கு விழுந்தது. இரண்டாம் வாரம் இரண்டு. கல்லின் கறுத்த முகம் வெளியே இருக்கும்படி, மேலே போகப் போகச் சுவர் உள்பக்கம் சாயும்படி, நீளக் கல்லைக் குறுக்கே போட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும்படி, இடுக்கில் கல் சில்லு அடித்து இறுக்கும்படி கட்ட வந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. விழுகிற கல்லைப் பார்த்தே வந்தது. ஒரு மணி நேரம் எடுத்தது அரை மணி ஆனது. பிறகு இருபது நிமிடம்.

ஆனாலும் கடைசியில் விழுந்தது. ஒரு நாள்கூட ஆரோக்கியம் உதைக்காமல் போனதில்லை. ஒரு சுவரைப் பார்த்துக்கூட நல்லா இருக்கு என்று சொன்னதில்லை.

நாற்பதாவது நாளோ என்னவோ, தாண்டவராயன் போய் நின்றார்.

"நாயக், என்னை ரோடு வேலைக்கே மாத்திடுங்க. கல்லு உடைக்கிறேன். மண்ணு சுமக்குறேன். சுவர் மட்டும் வேணாம்."

"நாளைக்கு நம்மளைக் குன்றுக் காவலுக்குப் போட்டிருக்காங்க. நிஜக் காவல். நீங்கதான் சங்கர் கட்டணும்."

"அதுக்குதான் சொல்றேன். வேற யாராவது கட்டட்டும்."

"ஏன்?"

தாண்டவராயன் தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார். யாரிடமும் சொல்லாதது.

"ஊர்ல ஒரு சுவர் கட்டினேன். கான்ட்ராக்டர் குடுத்த சுண்ணாம்புல பாதி மண்ணு. கையை வெச்ச உடனே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. சொல்லல. சொன்னா வேலை போயிடும்னு சும்மா இருந்துட்டேன். மழையில ஊறி, மறுநாள் சாஞ்சிடுச்சு. பச்சையம்மான்னு ஒரு சித்தாளு. நிழலுக்கு அந்தச் சுவரோரம்தான் உக்காந்து சாப்புட்டுட்டு இருந்தா." 

அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். 

"நான் கட்டினதை நம்பி யாரும் உக்காரக் கூடாது, நாயக். எப்பத்தான் என் சுவர் நிக்கும்னு தினம் பாக்குறேன். நிக்க மாட்டேங்குது."

ஆரோக்கியம் வேறு யாராவதாக இருந்திருந்தால் தோளைத் தட்டியிருப்பார். இவர் தட்டவில்லை.

"இங்கே சுண்ணாம்பே கிடையாதேண்ணே" என்றார். "நாளைக்கு அஞ்சு மணிக்குக் கிளம்பணும்."

---

பெரிய குன்றுகளில் காலாட்படை ஏறியது. ரோட்டு முனைக்கு மேலே இருந்த ஒரு சின்னக் குன்று இவர்களுக்கு. ஆரோக்கியம், தாண்டவராயன், மதார். மூன்று பேர், மூன்று துப்பாக்கி.

தாண்டவராயன் இருபது நிமிடத்தில் சங்கர் கட்டினார். கட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். ஆரோக்கியம் வந்தார். உதைக்கப் போகிறார் என்று தாண்டவராயன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆரோக்கியம் உதைக்கவில்லை. உள்ளே போய், சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். பூட்ஸைக் கழற்றி உள்ளே இருந்த சின்னக் கல்லைத் தட்டினார்.

"உதைச்சுப் பாருங்க, நாயக்."

"கால் வலிக்குது."

"நிஜமா உதைச்சுப் பாருங்க. நிக்குதான்னு தெரியாம நீங்க உக்காரக் கூடாது."

"உக்காந்தாச்சேண்ணே."

தாண்டவராயன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. கீழே கடப்பாரைச் சத்தம். எதிர்க் குன்றில் ஒரு ஆட்டுக்காரர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

"நாயக், இந்த மலைக்காரங்க நம்மளை ஏன் சுடுறாங்க?" என்று தாண்டவராயன் கேட்டார்.

"உங்க கொல்லையில வெள்ளைக்காரன் ரோடு போட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சும்மா இருப்பேன்."

"அதான் உங்க ஊர்ல ரோடு இருக்கு."

மதார் சிரித்தான். தாண்டவராயனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆட்டுக்காரரைக் கண் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்குச் சங்கரலிங்கம் சோறு கொண்டு வந்தார். முகாமில் ஆள் இல்லாததால் அவரே டேக்சாவைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வந்தார். மூச்சு இரைத்தது. சங்கருக்கு வெளியே நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார்.

"யாருலே கெட்டுனது?"

"தாண்டவராயன்" என்றான் மதார்.

"அப்ப நான் உள்ள வரமாட்டேன். அவன் கெட்டுன எதுலயும் நான் இருக்க மாட்டேன். ஒரு தடவ இருந்தது போதும். சோத்த வாங்கிக்கிடுங்க, நான் போறேன்."

அவர் சொல்லி முடிக்கவில்லை. ஒரு குண்டு அவர் காலடியில் கல்லைத் தெறிக்க வைத்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

சங்கரலிங்கம் உள்ளே இருந்தார். எப்படி வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. டேக்சாவோடு வந்திருந்தார். ஒரு பருக்கை சிந்தவில்லை.

"வர மாட்டேன்னீங்க?" என்றான் மதார்.

"வாய மூடுல."

பிறகு சரமாரியாக வந்தது. எதிர்க் குன்றிலிருந்து பத்துப் பேராவது சுட்டிருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்கு இந்தச் சுவர் சரியாகத் தெரியவில்லை. பாதிக் குண்டு தலைக்கு மேலே போனது, பாதி பத்தடி தள்ளி விழுந்தது. எப்போதாவது ஒன்று சுவரில் அடிக்கும். 'டக்' என்று ஒரு சத்தம், தூசி.

ஆரோக்கியமும் மதாரும் திருப்பிச் சுட்டார்கள். தாண்டவராயனும் சுட்டார். ஆனால் அவர் காது சுவரில்தான் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடது கையைக் கல்லில் வைத்துப் பார்த்தார். ஜுரம் பார்க்கிற மாதிரி.

சுவர் நின்றது. அவருக்கே நம்ப முடியவில்லை. பத்துக் குண்டு பட்டது. பன்னிரண்டு. நின்றது. மனம் கொஞ்சம் இளகி, யாருக்கென்று தெரியாமல் உள்ளுக்குள்ளே கும்பிட்டுக்கொண்டார்.

அப்போதுதான் கைக்குத் தெரிந்தது.

வலது மூலை. ஒரு குண்டு அடியில் இருந்த சில்லைப் பெயர்த்திருந்தது. மேலே இருந்த பெரிய கல் ஒரு நெல் அளவு நகர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது. வேறு யார் கை வைத்தாலும் தெரியாது. ஆம்பூரில் சுண்ணாம்பில் கை வைத்தபோது தெரிந்த மாதிரியே தெரிந்தது.

அந்த மூலையில் சங்கரலிங்கம் டேக்சாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

தாண்டவராயன் வாய் திறக்கவில்லை. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் வந்து போனது. இப்போது சொன்னால், நாற்பது நாள் உதை வாங்கியும் கட்டத் தெரியாதவன் என்று ஆகும். தன் சுவர் நிற்கவில்லை என்று தானே சொன்னதாகும். ஒருவேளை நிற்கலாம். நெல் அளவுதானே.

"அந்த மூலை நிக்காது!" என்று கத்தினார். "நான் கட்டினது தப்பாப் போச்சு! எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க!"

ஆரோக்கியமும் மதாரும் உடனே நகர்ந்தார்கள். ஏன் என்று கேட்கவில்லை. சங்கரலிங்கம்தான் கேட்டார்.

"நீ சொல்லி நான் எந்திரிக்கணுமா? அங்கிட்டு வந்தா சுடுதான்லே!"

தாண்டவராயன் தவழ்ந்து போனார். சங்கரலிங்கத்தின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். 

"ஏலே, விடு! டேக்சா! சோறு!"

"சோறு கிடக்கட்டும்யா!"

இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். மூலையில் அடுத்த குண்டு பட்டது. பெரிய கல் மெதுவாக, அவசரமே இல்லாமல், உள்பக்கம் சாய்ந்தது. அதன் மேல் இருந்ததும் கூடவே வந்தது. டேக்சா நசுங்குகிற சத்தம் நான்கு பேருக்கும் கேட்டது.

கல் டேக்சாவின் மேல் உட்கார்ந்திருந்தது. சங்கரலிங்கம் அதைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

மூலையில் ஒரு ஆள் நுழைகிற அளவு ஓட்டை. அதன் வழியாக எதிர்க் குன்று நன்றாகத் தெரிந்தது. அப்படியென்றால் எதிர்க் குன்றுக்கும் இவர்கள் தெரிவார்கள்.

தாண்டவராயன் படுத்தபடியே கல்லைத் தள்ளி அடைத்தார். கடைசி இடத்துக்குக் கல் இல்லை. இருந்த ஒன்று நீளம், உள்ளே போகவில்லை. அவர் கையால் அதைத் தடவினார். எங்கே அடித்தால் உடையும் என்று கைக்குத் தெரியும். அடிக்கத்தான் ஒன்றும் இல்லை.

முகத்துக்குப் பக்கத்தில் ஏதோ வந்து விழுந்தது. அவருடைய சுத்தியல்.

"தினம் தூக்கிக்கிட்டா வந்தீங்க?"

"பேசாம அடிங்கண்ணே."

ஒரே அடி. கல் இரண்டாகப் பிளந்தது. உடைந்த பக்கம் வெள்ளையாக மின்னியது. தாண்டவராயன் அதைத் திருப்பி, கறுப்பு வெளியேயும் வெள்ளை உள்ளேயும் இருக்கும்படி வைத்து, சில்லை இறுக்கி, கையை எடுத்தார். மறுபடி கையை வைத்துப் பார்த்தார்.

"இப்ப நிக்கும்" என்றார். 

ஆரோக்கியம் அந்த மூலைக்கே போய், அந்த வெள்ளைக் கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு துப்பாக்கியில் குண்டு போட்டார்.

---

இரண்டு மணிக்குக் காலாட்படை பக்கவாட்டில் ஏறியதும் சூடு நின்றது. எதிர்க் குன்றில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. தாண்டவராயன் கேட்கவில்லை. ஆட்டுக்காரர் ஞாபகம் வந்தது. கேட்டிருக்கலாம்.

சங்கரலிங்கம் டேக்சாவைக் கல்லுக்கு அடியிலிருந்து உருவினார். ஒரு பக்கம் முழுக்க நசுங்கி, வாய் கோணியிருந்தது. மூடி திறக்கவில்லை. மதார் துப்பாக்கிக் கட்டையால் நெம்பித் திறந்தான். உள்ளே சோறு இருந்தது.

சங்கரலிங்கம் தட்டை எடுத்தார். முதல் தட்டு. டேக்சாவின் மேலே இருந்து, வெள்ளையாக, பூப்போல இருந்த சோற்றை அள்ளி வைத்தார். தாண்டவராயன் முன்னால் வைத்தார்.

"நாயக்குக்கு முதல்ல குடுங்கய்யா."

"நீ தின்னு."

"அப்ப அடியில இருக்கறது?"

"அத நான் தின்னுக்கிடுதேன்." சங்கரலிங்கம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குக் கருகல்னா ரொம்பப் பிடிக்கும். சின்ன வயசுலேருந்தே. உனக்கென்னலே?"

தாண்டவராயன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தீயாத சோறு எப்படி இருக்கும் என்று அவருக்கு மறந்தே போயிருந்தது. வாயில் வைத்தார். மெதுவாக மென்றார்.

நான்கு மணிக்குக் கீழே ரோட்டில் சிவப்புக் கொடி அசைந்தது. இறங்கலாம் என்று அர்த்தம். இறங்குவதற்கு முன்னால் சங்கரை இடித்துவிட வேண்டும். அது எல்லையில் மாற்ற முடியாத வழக்கம். விட்டுவிட்டுப் போனால் நாளைக் காலையில் அதன் பின்னால் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

ஆரோக்கியம் சங்கரலிங்கத்தையும் மதாரையும் முதலில் அனுப்பினார். அப்புறம் தாண்டவராயனைப் பார்த்தார்.

"இடி."

"நாயக், இது ஒண்ணு மட்டும்..."

"இடி."

தாண்டவராயன் உதைத்தார். விழவில்லை. மறுபடி உதைத்தார். விழவில்லை. மூன்றாவது உதையில் அவர் கால்தான் வலித்தது. அவர் ஆரோக்கியத்தைப் பார்த்தார். ஆரோக்கியம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் இரண்டு பேருமாகத் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். முதலில் மேல்வரிசை போனது. பிறகு எல்லாம் சேர்ந்து சரிந்து, குன்றின் மறுபக்கம் உருண்டது. வெள்ளைக் கல்லும் உருண்டு ஒரு பாறையில் மோதி, கறுத்த பக்கம் மேலாகக் கவிழ்ந்தது. பிறகு எது எந்தக் கல் என்று தெரியவில்லை.

இரண்டு பேரும் ஓடி இறங்கினார்கள். ரோட்டுக்கு வந்ததும்தான் நடந்தார்கள். சாயங்கால வெயில் முதுகில் அடித்தது.

"நாயக்."

"சொல்லுங்கண்ணே."

"நாற்பது நாளும் உதைச்சீங்களே. அதுக்கு நான் உங்களுக்கு..."

"கால் வலிக்குதுன்னு அப்பவே சொன்னேன். நீங்கதான் நம்பல."

தாண்டவராயன் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடுப்பில் செருகியிருந்த சுத்தியலைத் தொட்டுப் பார்த்தார். திரும்பிக் குன்றைப் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை. காலையில் இருந்த மாதிரியே மொட்டையாக இருந்தது.

"என் வாழ்நாள்ல நின்னது அது ஒரே ஒரு சங்கர், நாயக். அதையும் நம்ம கையாலயே இடிச்சிட்டு வர்றோம்."

ஆரோக்கியம் நடந்துகொண்டே இருந்தார். ஐம்பது அடி முன்னால், நசுங்கிய டேக்சாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மதாரை ஏதோ திட்டிக்கொண்டு, கையை வீசி வீசி ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தார்.

"இடிச்சோமா?" என்றார் ஆரோக்கியம். "அதோ போறாரு பாருங்கண்ணே, சங்கர்."